பச்சையா, சிவப்பா? கேமிங் கணினிக்கு கிராஃபிக்ஸ் கார்டு தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கிராஃபிக்ஸ் கார்டு மாற்றப்போகிறேன் என்று நண்பர்களிடம் சொன்னால் போதும், உடனே இரண்டு கட்சி கிளம்பிவிடும். பச்சைக் கட்சி என்விடியாவைத் தவிர வேறு பேச்சே வேண்டாம் என்னும். சிவப்புக் கட்சி ஏஎம்டிதான் காசுக்கேற்ற சரக்கு என்று சத்தியம் செய்யும். உங்கள் மேசையில் என்ன மானிட்டர் இருக்கிறது, கேபினெட்டுக்குள் எத்தனை வாட் பவர் சப்ளை இருக்கிறது என்று இரண்டு கட்சியும் கேட்காது.

நடுத்தர பட்ஜெட்டில் இந்தச் சண்டை இப்போது இரண்டு பெயர்களைச் சுற்றித்தான் நடக்கிறது. ஒன்று, 2025 ஏப்ரலில் வந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ. மற்றொன்று, அதே ஆண்டு ஜூனில் வந்த ஏஎம்டி ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி. இரண்டிலும் 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு வகை உண்டு. ஆக, கடைக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவை நான்கு கார்டுகள். 16 ஜிபி என்விடியாவுக்கும் 16 ஜிபி ஏஎம்டிக்கும் உள்ள தூரத்தைவிட, ஒரே பெயருக்குள் 8க்கும் 16க்கும் உள்ள தூரம் அதிகம். அதனால் கம்பெனி எது என்ற கேள்வியை இந்தக் கட்டுரை ஐந்தாம் படி வரை தள்ளிவைக்கிறது.

படி 1: மானிட்டரிலிருந்து தொடங்குங்கள்

கார்டு எவ்வளவு வேகமாக வரைந்தாலும் அதை மானிட்டர் காட்ட வேண்டும். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் நொடிக்கு 60 ஃப்ரேமுக்கு மேல் காட்டாது. அதற்குப் பின்னால் 140 ஃப்ரேம் தரும் கார்டை மாட்டினால் மவுஸ் அசைவு கொஞ்சம் சுறுசுறுப்பாகத் தெரியும், அவ்வளவுதான். மிச்சக் காசு கண்ணில் படாது.

1080பி மானிட்டரில் ஆடுபவருக்கு இந்த நான்கு கார்டுகளில் எதுவானாலும் வேகத்துக்குக் குறைவில்லை. 1440பி மானிட்டர் வைத்திருப்பவர், அல்லது அடுத்த வருஷம் வாங்கலாம் என்று நினைப்பவர், 16 ஜிபி வகையை மட்டும் பார்த்தால் போதும். 4கே திரையில் புதிய கேம்களை முழு அழகோடு ஆட வேண்டுமென்றால் இந்த வரிசை உங்களுக்கானதல்ல; ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி, ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ என்று மேல் படிக்குப் போக வேண்டும்.

கையில் இருப்பது பழைய 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால், 8 ஜிபி கார்டும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரும் சேர்த்து வாங்கலாமா என்ற கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். வாலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 மாதிரி போட்டி கேம்கள் மட்டும் ஆடுபவருக்கு அந்த ஜோடி அதிக சந்தோஷம் தரும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிவிட்டு விண்டோஸ் செட்டிங்கில் 60லேயே விட்டு வருஷக்கணக்கில் ஆடுபவர்களும் இருக்கிறார்கள். அதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

மானிட்டரில் ஃப்ரீசிங்க் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதால் ஏஎம்டி கார்டுதான் வாங்க வேண்டும் என்பது பழைய கதை. 2019 ஜனவரியிலிருந்து என்விடியா கார்டுகளும் அந்த வகை மானிட்டர்களோடு ஒத்துப்போகின்றன.

படி 2: கேபினெட்டைத் திறந்து பாருங்கள்

முதலில் பிராசஸர். உங்களுக்குப் பிடித்த கேமில் ரெசல்யூஷனை வெகுவாகக் குறைத்து ஆடிப் பாருங்கள். ஃப்ரேம் எண்ணிக்கை கடகடவென ஏறினால் தடை கார்டில்தான். புதுக் கார்டு பலன் தரும். ஏறாமல் அதே இடத்தில் நின்றால் பிராசஸர்தான் மூச்சு வாங்குகிறது. அந்தக் கணினியில் விலை உயர்ந்த கார்டை மாட்டினாலும் கேம் முன்போலவே திணறும்.

அடுத்தது மதர்போர்டில் கார்டு உட்காரும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட். பி450, ஏ320 போர்டுகளும், இன்டெல் 10ஆம் தலைமுறை வரையிலான கணினிகளும் இதன் மூன்றாம் பதிப்பில் ஓடுபவை. ரைசன் 5600ஜி வாங்கியவர்கள் இங்கே கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். கார்டுக்குக் காசில்லாத நாளில் அந்தப் பிராசஸரை வாங்கி, பிறகு கார்டு போட்டுக்கொள்ளலாம் என்று திட்டமிட்டவர்கள் நம்மூரில் நிறைய. 5600ஜி எந்த போர்டில் இருந்தாலும், பி550லேயே இருந்தாலும், மூன்றாம் பதிப்பு வேகத்தில்தான் கார்டோடு பேசும். 5060 டிஐ அந்த ஸ்லாட்டின் 16 பாதைகளில் எட்டை மட்டுமே பயன்படுத்தும்; 9060 எக்ஸ்டி 16ஐயும் பயன்படுத்தும். இது ஏன் முக்கியம் என்பது நான்காம் படியில் தெரியும்.

பவர் சப்ளைக்கு வருவோம். 5060 டிஐ உச்சத்தில் 180 வாட் இழுக்கும். 600 வாட் பவர் சப்ளை வைத்துக்கொள்ளச் சொல்கிறது என்விடியா. 16 ஜிபி 9060 எக்ஸ்டி சுமார் 160 வாட் இழுக்கும். 450 வாட் போதும் என்கிறது ஏஎம்டி. நல்ல தரமான 550 வாட் பவர் சப்ளை இரண்டையுமே தாங்கும் என்பது என் அபிப்பிராயம். ஆனால் கேபினெட்டோடு இலவசமாக வந்த, பெயர் தெரியாத டப்பாவில் 600 என்று எழுதியிருந்தால் அதை நம்பாதீர்கள். இந்தக் கார்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு 8 பின் கனெக்டர் வேண்டும். பிராசஸருக்குப் போகும் 8 பின் வயரும் பார்க்க அதே மாதிரி இருக்கும், ஆனால் அது வேறு. ஒரு கம்பெனி பவர் சப்ளையின் கழற்றி மாட்டும் வயரை இன்னொரு கம்பெனியுடையதில் செருகவே கூடாது. பின்களில் மின்சாரம் வரும் வரிசை மாறியிருந்தால் கார்டு போய்விடும்.

யூபிஎஸ் வைத்திருப்பவர்கள் அதன் பின்புறத்தையும் படியுங்கள். வீடுகளில் பரவலாக இருக்கும் 600 விஏ யூபிஎஸ் பொதுவாக 360 வாட்தான் தாங்கும். புதுக் கார்டு, பிராசஸர், மானிட்டர் மூன்றும் சேர்ந்து முட்டினால் கரண்ட் போகும் நேரத்தில் யூபிஎஸ்ஸும் சேர்ந்து படுத்துவிடும்.

கடைசியாக ஒரு இன்ச் டேப். மூன்று ஃபேன் கார்டுகள் 30 சென்டிமீட்டரை ஒட்டி நீளும். கேபினெட்டின் முன்பக்க ஃபேனுக்கும் பின்பக்கத் தகட்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: பெயரைப் படிக்கப் பழகுங்கள்

5060 என்பதில் 50 தலைமுறை, 60 அந்தத் தலைமுறைக்குள் அதன் தட்டு. 60 நடுத்தரம், 70 அதற்கு மேல், 80, 90 பணக்கார வீடு. டிஐ என்று ஒட்டினால் அரைப் படி உயர்வு. ஏஎம்டி 2025இல் தன் பெயர் வரிசையையே மாற்றி 9060, 9070 என்று வைத்தது, எதிராளியின் 5060, 5070க்கு நேராக நின்று ஒப்பிட வசதியாக.

தலைமுறை எண் பெரிதாக இருப்பதால் மட்டும் கார்டு வேகமாகிவிடாது, தட்டைப் பாருங்கள். ஒரே பெயரில் வேறு சரக்கு விற்பதும் இந்தத் தொழிலின் பழைய பழக்கம். 2016இல் ஜிடிஎக்ஸ் 1060 என்ற பெயரில் 3 ஜிபி, 6 ஜிபி என இரண்டு வந்தன; மெமரி மட்டுமல்ல, உள்ளே இருந்த கோர்களின் எண்ணிக்கையும் வேறு. 2022 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 4080 12 ஜிபி என்று என்விடியா ஒரு கார்டை அறிவித்தது. 16 ஜிபி 4080ஐவிட அது வெகுவாகப் பின்தங்கியது என்று ஊரே திட்டியதில் அடுத்த மாதமே திரும்பப் பெற்று, பிறகு 4070 டிஐ என்ற பெயரில் விற்றது.

படி 4: 8 ஜிபியா, 16 ஜிபியா

கார்டில் இருக்கும் மெமரி, சமையல் மேடை மாதிரி. வேண்டியதெல்லாம் மேடைமேல் இருந்தால் கை வேகமாக ஓடும். மேடை நிரம்பிவிட்டால் ஒவ்வொரு சாமானுக்கும் உள்ளறைக்கு ஓடி வர வேண்டும். கேமில் அந்த உள்ளறை உங்கள் கணினியின் ரேம்.

எண்ணில் பார்த்தால் இது எவ்வளவு மோசம் என்று புரியும். 5060 டிஐ தன் சொந்த மெமரியிலிருந்து நொடிக்கு 448 ஜிபி வரை எடுக்கும். இடம் போதாமல் ரேமுக்குப் போக வேண்டி வந்தால், பழைய மூன்றாம் பதிப்பு ஸ்லாட்டில் எட்டுப் பாதை வழியே அதற்குக் கிடைப்பது நொடிக்குச் சுமார் 8 ஜிபி. ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. அதனால்தான் 8 ஜிபி கார்டில் சில புதிய கேம்கள் சராசரியில் நன்றாக ஓடுவதுபோல் காட்டிவிட்டு, திரும்பும்போதெல்லாம் வெட்டி வெட்டி இழுக்கின்றன. சில கேம்கள் இழுக்காது. பதிலாகச் சுவர், துணி, முகம் எல்லாவற்றின் டெக்ஸ்சரையும் சத்தமில்லாமல் மங்கலாக்கிவிடும். ஃப்ரேம் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

யூடியூப் சோதனைகளைப் பார்க்கும்போது சராசரி ஃப்ரேமோடு “1 சதவீத லோ” என்ற எண்ணையும் பாருங்கள். மிக மெதுவாக வந்த ஃப்ரேம்கள் எவ்வளவு மோசம் என்று சொல்வது அது. சராசரி 80, லோ 65 என்றால் கார்டு நிம்மதியாக ஓடுகிறது. சராசரி 80, லோ 25 என்றால் கையில் ஆடும்போது எரிச்சல்தான். எந்த வகைக் கார்டைச் சோதித்தார்கள் என்பதையும் கவனியுங்கள். 5060 டிஐ வெளிவந்த நாளில் விமர்சகர்கள் கைக்குப் பெரும்பாலும் 16 ஜிபி வகைதான் போயிருந்தது. அந்தப் புகழ்ச்சியை நம்பி 8 ஜிபியை வாங்கியவர்கள் வாங்கியது வேறு கார்டு.

வெளியீட்டின்போது அமெரிக்க விலையில் 8க்கும் 16க்கும் இருந்த வித்தியாசம் இரு கம்பெனியிலும் 50 டாலர்தான். நாலைந்து வருஷம் வைத்திருக்கப்போகும் பொருளில் அந்த 50ஐ மிச்சம் பிடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. போட்டி கேம்கள் மட்டும், 1080பி மட்டும், வேறு ஆசை இல்லை என்பவருக்கு 8 ஜிபி பரவாயில்லை. பழைய ஸ்லாட்டில் 8 ஜிபி 5060 டிஐ? என்னைக் கேட்டால் வேண்டாம்.

படி 5: இப்போது எதிரெதிரே நிறுத்துங்கள்

இனிமேல் 16 ஜிபி வகைகளை மட்டும் ஒப்பிடுவோம். சாதாரண முறையில் ஓடும் கேம்களில் 5060 டிஐ சற்றே முன்னால் நிற்கிறது. சற்றே என்றால், எண்ணைக் காட்டாமல் ஆடவிட்டால் யாரும் கண்டுபிடிக்க முடியாத அளவு. சில கேம்களில் 9060 எக்ஸ்டி முந்துகிறது. வெளியீட்டு விலையோ 429 டாலருக்கு 349. அந்த 80 டாலருக்கு என்விடியா என்ன தருகிறது என்பதுதான் கேள்வி.

முதலாவது ரே டிரேசிங். ஒளி எங்கே பட்டு எங்கே தெறிக்கிறது என்று நிஜமாகக் கணக்குப் போடும் முறை இது. ஒருகாலத்தில் விருப்பப்பட்டால் போட்டுக்கொள்ளும் அலங்காரம். 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள், 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் இரண்டும் இதற்கான வன்பொருள் இல்லாத கார்டில் ஓடவே ஓடாது. ஜிடிஎக்ஸ் 1650 வைத்திருப்பவர்கள் மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். இன்றைய இரு கார்டுகளும் இந்தக் கேம்களை ஓட்டும். ஏஎம்டி இந்தத் தலைமுறையில் இந்த விஷயத்தில் நன்றாக முன்னேறியிருக்கிறது. ஆனால் சைபர்பங்க் 2077இல் இருக்கும் பாத் டிரேசிங் மாதிரி உச்சகட்ட முறைகளில் என்விடியா இன்னமும் தெளிவாக முன்னால்.

இரண்டாவது அப்ஸ்கேலிங். குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு பெரிய படமாக்கும் வித்தை. என்விடியாவுடையது டிஎல்எஸ்எஸ், ஏஎம்டியுடையது எஃப்எஸ்ஆர். பழைய எஃப்எஸ்ஆரில் தலைமுடியும் கம்பிவேலியும் நடுங்கும். பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். 2025இல் வந்த எஃப்எஸ்ஆர் 4 அந்தக் குறையைப் பெரும்பாலும் தீர்த்துவிட்டது. தரத்தில் இடைவெளி சுருங்கிவிட்டது, எண்ணிக்கையில் சுருங்கவில்லை. டிஎல்எஸ்எஸ் இருக்கும் கேம்கள் இன்னமும் அதிகம். நீங்கள் ஆடும் ஐந்தாறு கேம்களின் பெயரை எழுதி, எதில் எது உண்டு என்று பார்த்துவிட்டால் இந்த விவாதம் உங்களளவில் முடிந்துவிடும்.

மூன்றாவது ஃப்ரேம் ஜெனரேஷன். இரண்டு நிஜ ஃப்ரேமுக்கு நடுவே கார்டு தானே ஃப்ரேம்களைச் செய்து நுழைக்கும். வெளியீட்டின்போது 5060 டிஐ ஒரு நிஜ ஃப்ரேமுக்கு மூன்று வரை நுழைத்தது. 549 டாலர் 5070, முந்தைய தலைமுறையின் உச்சமான 4090க்கு ஈடு கொடுக்கும் என்று 2025 ஜனவரியில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் மேடையில் சொன்னது இந்தக் கணக்கை வைத்துத்தான். நுழைத்த ஃப்ரேம்கள் படத்தை வழுக்கிக்கொண்டு போகச் செய்யும். நீங்கள் பட்டனை அழுத்தியதற்கான பதிலை வேகமாக்காது. நிஜ ஃப்ரேம் 50, 60 இருக்கும்போது இது நல்ல ஊட்டம். 25ஐ 100 ஆக்கிக் காட்டினால் பார்க்க அழகாக இருக்கும், ஆட முடியாது. பெட்டியில் போட்டிருக்கும் வேக வரைபடங்களில் இதைச் சேர்த்திருக்கிறார்களா என்று அடிக்குறிப்பில் பாருங்கள்.

டிரைவர் விஷயத்தில் ஏஎம்டி மோசம் என்பார்கள். அது பல வருஷத்துக்கு முந்தைய பேச்சு. 2025 தொடக்கத்தில் திரை கறுத்துப்போகும் கோளாறுக்காக அடுத்தடுத்து அவசரத் திருத்தம் வெளியிட்டது என்விடியாதான்.

என் கணக்கு இது. நீங்கள் வாங்கும் வாரத்தில் இரண்டுக்கும் விலை வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் 5060 டிஐ. அதற்கு மேல் போனால் 9060 எக்ஸ்டி. ஸ்லாட் பழையது என்றால் தராசு இன்னும் கொஞ்சம் 9060 எக்ஸ்டி பக்கம் சாயும்.

படி 6: கேமைத் தவிர வேறென்ன செய்வீர்கள்

இந்தக் கேள்விக்கு “எடிட்டிங்” என்று பதில் வந்தால் மேலே சொன்ன பத்து சதவீதக் கணக்கை மறந்துவிடலாம். பிளெண்டரில் ரெண்டர் செய்பவர், கணினியிலேயே செயற்கை நுண்ணறிவு மாடல்களை ஓட்டிப் பார்க்கும் மாணவர் ஆகியோருக்கு என்விடியாவின் கூடா (CUDA) மென்பொருள் அடித்தளம் பெரிய வசதி. பெரும்பாலான மென்பொருள்கள் முதலில் அதற்குத்தான் எழுதப்படுகின்றன. கல்யாண வீடியோ, குறும்படம் எடிட் செய்பவர்களுக்கு இன்னொரு செய்தி: இப்போதைய கேமராக்கள் பலவும் பதிவு செய்யும் 4:2:2 வகைக் காட்சிகளை ஆர்டிஎக்ஸ் 50 வரிசை வன்பொருளிலேயே பிரித்துக் காட்டும். டைம்லைனில் இழுக்கும்போது அந்த வித்தியாசம் கையில் தெரியும். இங்கேயும் 16 ஜிபிதான்.

இன்டெல்லை மறந்துவிடலாமா

2024 டிசம்பரில் 249 டாலருக்கு வந்த ஆர்க் பி580இல் 12 ஜிபி இருக்கிறது. விலைக்கு நல்ல கார்டு. ஆனால் ரீசைசபிள் பார் என்ற வசதி மதர்போர்டில் இருந்தே ஆக வேண்டும். பிராசஸர் பழையதாக இருந்தால் வேகம் கணிசமாக விழுகிறது. பழைய கணினியை மேம்படுத்துபவருக்கு நான் சொல்ல மாட்டேன். புதிதாக, குறைந்த செலவில் கட்டுபவர் பார்க்கலாம்.

படி 7: யார் செய்த கார்டு

சிப் என்விடியாவுடையதோ ஏஎம்டியுடையதோ, பலகையும் ஃபேனும் வேறு கம்பெனிகளுடையவை. ஜோடாக், இன்னோ3டி பச்சைப் பக்கம் மட்டும். சஃபையர், பவர்கலர் சிவப்புப் பக்கம் மட்டும். ஆசுஸ், கிகாபைட் இரு பக்கமும். ஒரே சிப்புக்குள் இவர்களிடையே வேக வித்தியாசம் மிகச் சொற்பம். ஓவர்கிளாக் என்று எழுதி அதிகமாகக் கேட்கும் தொகை வீண்.

கவனிக்க வேண்டியது சூடும் சத்தமும். சென்னையிலோ வேலூரிலோ மே மாத மத்தியானம், ஏசி இல்லாத அறையில் ஆடுபவருக்கு நல்ல ஹீட்சிங்க் ஆடம்பரமல்ல. 160, 180 வாட் கார்டை இரண்டு ஃபேன் நன்றாகவே குளிர்விக்கும். அதைவிட முக்கியம், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியால் மூடிய கேபினெட்டாக இல்லாமல் காற்று நுழைய வலை இருக்கும் கேபினெட். வண்ண விளக்குக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசை இரண்டு கேபினெட் ஃபேனுக்குக் கொடுங்கள்.

படி 8: கடைக்குப் போகும்போது

பழைய வீடியோவில் கேட்ட விலையை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டதில் 2025 இறுதியிலிருந்து மெமரி விலை ஏறியது. கார்டு விலையும் அதையொட்டி ஆடுகிறது. இணையத்தில் இரண்டு மூன்று இடத்தில் அந்த வாரத்து விலையைப் பார்த்துவிட்டு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கோ உங்கள் ஊர்க் கடைக்கோ போங்கள்.

“பில் இல்லாம வாங்குனீங்கன்னா கொறச்சுத் தர்றேன் தம்பி” என்ற குரல் கேட்கும். 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சமாவதுபோல் தோன்றும். கார்டு ஆறாம் மாதம் படுத்தால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்பது அந்தப் பில்லைத்தான். பில்லில் கார்டின் முழுப்பெயர், எத்தனை ஜிபி, சீரியல் நம்பர் மூன்றும் இருக்க வேண்டும். பெட்டியிலும் கார்டிலும் அதே சீரியல் நம்பர் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். வாரண்டி எத்தனை வருஷம், சர்வீஸ் உங்கள் ஊரிலா, சென்னைக்கு அனுப்ப வேண்டுமா என்றும் கேளுங்கள்.

பழைய கார்டு வாங்குவது பாவமில்லை. 12 ஜிபி கொண்ட ஆர்டிஎக்ஸ் 3060, ஆர்எக்ஸ் 6700 எக்ஸ்டி இன்றும் நன்றாக ஓடும். ஆனால் அந்தத் தலைமுறைக் கார்டுகள் பல, 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றும் வரை இரவு பகலாக நாணயம் தோண்டியவை. மெமரியும் ஃபேனும் களைத்திருக்கும். விற்பவர் வீட்டிலேயே அரை மணி நேரம் கனமான கேம் ஓடவிட்டுப் பாருங்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளையும் ஓட்டுங்கள். பழைய சிப்பில் பயாஸை மாற்றி எழுதிப் புதுப் பெயரில் விற்கும் போலிக் கார்டுகளை அது பல நேரம் காட்டிக்கொடுத்துவிடும்.

படி 9: மாட்டும் நாள்

கம்பெனி மாறுகிறீர்கள் என்றால் பழைய டிரைவரை டிடியு என்ற மென்பொருளால் சுத்தமாக நீக்குங்கள். கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டு, கேபினெட் உலோகத்தைத் தொட்ட பிறகு வேலையைத் தொடங்குங்கள். ஸ்லாட்டின் ஓரத்தில் இருக்கும் கொக்கி “டக்” என்று விழும் வரை கார்டு முழுதாக உட்காரவில்லை என்றே அர்த்தம். பவர் வயரும் அப்படியே.

மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகிவிட்டு, புதுக் கார்டு வேலை செய்யவில்லை என்று கடைக்கு போன் போடுபவர்கள் ஏராளம். கீழே, கார்டில் இருக்கும் துளையில் செருகுங்கள். முடிந்தால் டிஸ்ப்ளே போர்ட். பிறகு பயாஸில் ரீசைசபிள் பாரை இயக்கிவிட்டு, கம்பெனியின் தளத்திலிருந்து புது டிரைவரைப் போடுங்கள்.

அன்றைக்கே ஒரு கனமான கேமை ஒரு மணி நேரம் ஆடிப் பாருங்கள். சூடு 80 டிகிரிக்கு மேலேயே நின்றால் கேபினெட்டின் பக்கக் கதவைத் திறந்து வைத்து மறுபடி பாருங்கள். இறங்கினால் காற்றோட்டம்தான் கோளாறு, கார்டு அல்ல. திரையில் வண்ணப் புள்ளிகள் சிதறினாலோ கேம் அடிக்கடி மூடிக்கொண்டாலோ போனில் வீடியோ எடுத்து, கடைக்காரர் சொன்ன மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் கார்டோடு போய் நில்லுங்கள். கெடு தாண்டிவிட்டால் கம்பெனிக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டியதுதான். அதுவரை கேமுக்கு வேண்டும் என்றால் பழைய கார்டை இப்போதே விற்றுவிடாதீர்கள்.